குமிழியும் குழவியும்
ஹென்றிக் கோல்ட்சியசின் பெயரால் வழங்கும் 1594ஆம் ஆண்டுச் செப்புத்தகட்டுச் செதுக்கோவியத்தில், மண்டையோட்டின்மீது சாய்ந்த குழந்தையொன்று சோப்புக் குமிழிகளை ஊதுகின்றது. அருகே மலரும் புகையும் உள்ளன; 'யார் தப்புவார்?' என்னும் பொருள்தரும் இலத்தீன் தொடரும் உண்டு. மனிதன் ஒரு குமிழி என்னும் உரோமானியப் பழமொழியே இதற்கு மூலமாகும். பரோக் காலத்தார் பலரும் இக்குழந்தையைப் பின்பற்றினர்.

17ஆம் நூற்றாண்டினரான குமரகுருபரரும் நீதிநெறி விளக்கத்தின் தொடக்கத்தில் இளமையை நீர்க்குமிழி என்கிறார். இதுகொண்டு இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. அவர் காட்டும் குமிழியின் அருகே குழந்தை இல்லை. அவர் குழந்தையாக்கிப் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழோ தாலும் சப்பாணியும் முத்தமுமாய்க் களிப்பது. எனினும் அந்நூலும் காப்புப் பருவத்திலேயே தொடங்குகின்றது. தெய்வக் குழவிக்கும் பிற தெய்வங்களின் காவல் எதற்கு? செதுக்குநர் வெளிப்படக் காட்டிய அச்சத்தைத் தமிழ்ப் பிள்ளைக்கவி மரபு வேண்டுதலுள் பொதிந்து வைத்தது எனல் தகும்.