காப்பிரி முத்தப்பன் ஊரில் ராப் இசை

மட்டாஞ்சேரியில் மங்காட்டுமுக்கு என்று ஓரிடம் உண்டு. அங்கே தெருவோரத்தில், கோயில் என்றும் சொல்லக்கூடாமல் சமாதி என்றும் சொல்லக்கூடாமல், காப்பிரி முத்தப்பன் குடியிருக்கிறார். புட்டும் முட்டையும் கள்ளும் சுருட்டும் அவருக்கு நிவேதனம். போர்ச்சுகீசியர், ஆப்பிரிக்காவிலிருந்து தாம் கப்பலேற்றிக் கொணர்ந்த அடிமைகளை, 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபோது, தம் செல்வத்துக்குக் காவலாக இருக்கட்டும் என்று புதையலோடு சேர்த்துப் பலியிட்டுவிட்டுப் போனார்கள் என்பதும், அவ்வாறு மாண்டவர்களின் ஆவியே இரவில் மதில்மேல் அமர்ந்து சுருட்டுப் புகைத்தபடி வழிதவறியவர்க்கு வழிகாட்டுகிறது என்பதும் ஐதிகம். கறுப்பு மனிதனுக்குத் தென்னாட்டுக் கற்பனை கொடுத்த பழைய வேஷங்களுள் இது ஒன்று: உயிரோடிருந்த காலத்தில் கூலியில்லா உழைப்பாளி, செத்தபிறகு பிறர் சொத்துக்குக் காவலாளி. கொச்சியின் கேளிக்கைத் தொழிலில் கறுப்புக் கலைக்கும் கறுப்பு மனிதனுக்கும் உள்ள ஸ்தானத்தை ஆராயப் புகுகிறவர் நியூயார்க்கிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் இங்கிருந்து தொடங்குவதே முறை என்பது என் அபிப்பிராயம்.

நியூயார்க்கின் கதை பிரசித்தமானது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1973 ஆகஸ்டு 11 அன்று பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்து இளைஞர் கிளைவ் காம்பெல், தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தொன்றில், பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை இரண்டு இசைத்தட்டுகளால் மாற்றிமாற்றி நீட்டிக் காட்டினார். அதிலிருந்து கிளைத்ததே ஹிப்ஹாப். பிராங்ஸின் கறுப்பினப் பிள்ளைகளின் பாட்டு விற்பனைச் சரக்கான பிறகும் அவர்களின் முகம் உடனே ஏற்கப்படவில்லை. 1981இல் தொடங்கிய எம்.டி.வி. முதலிரண்டு ஆண்டுகள் கறுப்பர் பாடல்களைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தது; ராப்புக்கென்று அங்கே ஒரு தனி நிகழ்ச்சி வர 1988 ஆயிற்று. குரலை முதலில் வாங்கிக்கொள்வதும் முகத்தைப் பிறகு யோசிப்பதும் அத்தொழிலின் சம்பிரதாயம்.

அந்தச் சம்பிரதாயம் நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ இந்த உருவத்தைத் தமிழ் ரசிகர்க்குக் கேலியும் கும்மாளமுமாக அறிமுகம் செய்தது. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு 2006இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்ட பின்னரே, இது விளையாட்டன்று என்பது பலருக்கும் உறைத்தது. மலையாளத்தில் 2009இல் தோன்றிய ஸ்ட்ரீட் அகாடமிக்ஸ் குழுவை முன்னோடியாகக் கொள்ளலாம். கடல் கடந்து வந்த இசையைத் தன்னதாக்கிக் கொள்வது கொச்சிக்குப் புதிதுமன்று. துறைமுகத்துக் கூலிகளும் வணிகர்களும் வாழ்ந்த இதே மட்டாஞ்சேரியில்தான் மெஹபூப் என்ற பாடகர் இந்துஸ்தானியை மலையாளத்தின் வாய்க்கு இசைவாக்கினார்.

இத்துறையின் போக்கை ஒரே மனிதரின் பணிகளைக் கொண்டு காட்டவேண்டுமென்றால் முஹ்சின் பராரியைத்தான் சொல்வேன். 2013இல் வெளிவந்த ‘நேட்டிவ் பாப்பா’ என்ற அவருடைய இசைப்படத்தில், தீவிரவாதி என்று முத்திரை குத்தப்பட்டு மாண்ட மகனைப் பற்றி நடிகர் மாமுக்கோயா மலபார்ப் பேச்சில் புலம்ப, அப்புலம்பலைச் சூழ்ந்து ராப் ஒலித்தது. பயத்தோடும் பழியோடும் வாழும் சமூகத்தார் தம் வழக்கைத் தாமே உரைப்பதற்கு இவ்வுருவம் எவ்வளவு பொருத்தம் என்பதை அது காட்டியது. 2022இல் ‘தல்லுமாலை’ படத்தின் கதையமைப்பிலும் அவர் பங்குகொண்டார். அதில் டாப்ஸி பாடிய ‘மணவாளன் தக்’ கேரளத்துக் கல்யாண வீடுகளையெல்லாம் ஆட்டிவைத்தது. புலம்பல் கொண்டாட்டமாக மாறியதற்கு இடையில் ஒன்பது ஆண்டுகள்.

அவ்விடைக்காலத்தில் அவர் இயக்குநர் சக்கரியாவுடன் சேர்ந்து எழுதிய ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) சற்று விரிவாகவே நோக்கத்தக்கது. மலப்புறத்துச் செவன்ஸ் (எழுவர்) கால்பந்துக்குக் கூலிக்கு ஆட வரும் ஆப்பிரிக்கர் எவரானாலும், அவர் எந்நாட்டவரானாலும், ஊராருக்கு ‘சுடானி’தான். அத்தகைய ஆட்டக்காரன் ஒருவன் கால் முறிந்து, குழுவின் மேனேஜரான மஜீதின் வீட்டில் படுத்துக் கிடக்கிறான். மஜீதின் தாயும் அவள் தோழி பீயும்மாவும், அவன் பாஷை இன்னதென்று அறியாமலே, அவனுக்குச் சோறூட்டி மலையாளத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஒரு சொல்லும் புரியாமல் தலையாட்டுகிறான்; அவர்கள் அதையே பதிலாகக் கொள்கிறார்கள். பரிதாபத்தை யாசிக்காத, பரிகாசத்துக்கும் இறங்காத அக்காட்சிகளுக்கு ஈடாக, கறுப்பின மனிதனைக் காட்டிய தென்னிந்தியப் படம் வேறொன்றை நான் அறியேன். தமிழில் இதற்கு ஐந்தாண்டு முன்பு வந்த ‘சிங்கம் 2’ டேனி சப்பானி போன்ற தேர்ந்த பிரிட்டிஷ் நடிகரை வரவழைத்து, போதைப்பொருள் கடத்துகிறவனாக நாயகனிடம் அடிவாங்க வைத்ததை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

ஆயினும் திரைக்கு வெளியே நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். படம் வெற்றிபெற்ற சில நாட்களில், நாயகர்களுள் ஒருவராக நடித்த நைஜீரிய நடிகர் சாமுவேல் ராபின்சன், தம் நிறத்தின் காரணமாகவே தமக்குக் குறைந்த ஊதியம் தரப்பட்டது என்று பகிரங்கமாகக் குறைகூறினார். சிறு முதலீட்டுப் படம், ஒப்பந்தப்படியே கொடுத்தோம் என்றனர் தயாரிப்பாளர்கள். விரைவில் சமரசம் ஏற்பட்டு, கூடுதல் தொகை பெற்று, நிறவேற்றுமைப் புகாரை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. அந்நிய தேசத்து இளைஞன் ஒருவன் தன் உழைப்பின் சந்தை விலையை அறிய வழியில்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிலை, படத்துக்குள்ளிருந்த ஆட்டக்காரனுக்கும் வெளியிலிருந்த நடிகனுக்கும் ஒன்றாகவே இருந்தது என்பதைக் கவனித்தால் போதும். மஜீதாக நடித்த சௌபினும் இரண்டு கிழவிகளாக நடித்த சாவித்திரி ஸ்ரீதரன், சரசா பாலுசேரி ஆகியோரும் அவ்வாண்டு கேரள அரசின் விருது பெற்றனர்.

கொச்சி கலூரின் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் இந்த முரண் வேறு விதமாகத் தெரியும். 2019-20 பருவத்தில் நைஜீரியரான பார்த்தலோமியூ ஓக்பெச்சே கேரள பிளாஸ்டர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கி ஆடியபோது, மஞ்சள் சட்டை உடுத்த கூட்டம் அவர் பேரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. 2024 மார்ச்சில் மலப்புறம் அரீக்கோட்டுக்கு அருகே ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரைப் பார்வையாளர்கள் நிறத்தைச் சொல்லி ஏசி, துரத்தித் துரத்தி அடித்ததும், அவர் போலீஸ் சூப்பிரண்டிடம் மனுக் கொடுக்க நேர்ந்ததும் இதே கேரளத்தில்தான்.

கறுப்பு நிறத்தின்மீதுள்ள இந்த அருவருப்பு ஆப்பிரிக்கரோடு நிற்பதில்லை; அது ஜாதியோடும் பிணைந்தது. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமார’னில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோசி, ஊரார் தாக்குதலுக்கு அஞ்சி இரவோடிரவாக லாரியேறி நாஞ்சில் நாட்டுப் பக்கம் வந்து, பேர் மாற்றிக்கொண்டு மறைந்து வாழ்ந்தார். அதே 2024 மார்ச்சில், கலாபவன் மணியின் தம்பியும் மோகினியாட்டக் கலைஞருமான ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணனைக் குறித்து, கறுத்தவர் அந்த ஆட்டம் ஆடலாகாது என்ற பொருளில் மூத்த நாட்டியக்காரர் ஒருவர் பேசியது கேரளம் முழுவதும் கொந்தளிப்பை எழுப்பிற்று.

இப்பின்னணியில்தான் ராப் பாடகர் வேடனின் எழுச்சியைப் புரிந்துகொள்ள வேண்டும். திருச்சூரில் வளர்ந்த அவர் (இயற்பெயர் ஹிரண்தாஸ் முரளி) யாழ்ப்பாணத் தமிழ்த் தாயின் மகன். 2020இல் ‘வாய்ஸ் ஆஃப் தி வாய்ஸ்லெஸ்’ பாடலோடு வெளிப்பட்டார். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் குணா குகையைக் கண்டு கலங்கிய தமிழ் ரசிகர்கள் அவருடைய வரிகளையும் கேட்டிருக்கிறார்கள். அப்படத்துப் பாடலுக்காக 2024ஆம் ஆண்டின் கேரள அரசு விருது சிறந்த பாடலாசிரியராக அவருக்குக் கிடைத்தது. அவர்மீதுள்ள வழக்குகள் நீதிமன்றத்தின் விஷயம். பாட்டின் தரம் அவற்றுக்குப் பரிகாரமாகாது. 2025இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் அவருடைய பாடலொன்றை மைக்கேல் ஜாக்சன் பாடலோடு ஒப்பிட்டுப் படிக்குமாறு மலையாள இளங்கலைப் பாடத்தில் வைக்க, எதிர்ப்புக் கிளம்பி, நியமிக்கப்பட்ட நிபுணர் அதை நீக்கச் சொன்னார். ராப்பைச் செய்யுளாக மதிக்கலாமா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. நாட்டார் பாடலைப் பாடமாக்கியபோதும் பண்டிதர்கள் இவ்வாறே தயங்கினார்கள்.

தமிழ்நாட்டில் பா. ரஞ்சித்தின் முயற்சியால் 2018 ஜனவரியில் அரங்கேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிலிருந்து வந்த பாடலாசிரியர் அறிவு, 2021இல் பாடகி தீயுடன் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளை நினைவுகூர்ந்தார். அவ்வாண்டே ரோலிங் ஸ்டோன் இந்தியா தன் அட்டையில் தீயையும் கனடாத் தமிழரான ஷான் வின்சென்ட் டி பாலையும் வைத்து, வரிகளை எழுதியவரை விட்டுவிட்டது. கண்டனம் எழுந்த பிறகு இணையப் பதிப்பில் அவருக்கும் ஓர் அட்டை தயாராயிற்று. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று அறிவித்தபோது, அட்டைப்படச் சச்சரவைவிடப் பெரிய கேள்வி வெளிப்பட்டது.

ராப் பாடகர் ஹனுமான்கைண்டின் கணக்கு வேறு. மலப்புறத்தில் பிறந்து, டெக்ஸஸின் ஹூஸ்டனில் வளர்ந்த, சூரஜ் செருகாட் என்ற இயற்பெயருடைய அவர், கறுப்பினத்தார் நிறைந்த அந்நகரின் பேச்சையே தம் பேச்சாகக் கொண்டவர். பொன்னானியில் மரணக்கிணற்றுக்குள் படமாக்கிய ‘பிக் டாக்ஸ்’ 2024இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் இருபத்து மூன்றாம் இடம் வரை ஏறிற்று. ஹார்லெமின் ஏசாப் ராக்கி அதன் மறுபதிப்பில் தம் குரலைச் சேர்த்தார். இது கடன் வாங்கிய குரல் என்பாரும் உளர். வளர்ந்த தெருவின் பேச்சைப் பேசுவது கடனாகுமா என்பது எனக்குச் சந்தேகமே. ஆனால் அத்தெருவின் மக்கள் இவ்வுருவத்துக்காகப் பட்ட அவமானங்களில் அவருக்குப் பங்கில்லை என்பதும் மெய். அவ்வாண்டு இறுதியில் வந்த ‘ரைஃபிள் கிளப்’பில் மலையாள சினிமா அவருக்கு முதல் வேஷம் கொடுத்தது: வில்லனின் மகன்.