எண்ணிக்கைக்கு ஆட்கள், வாக்குக்கு வேறு ஆட்கள்: ஸ்காபரோ – றூஜ் ரிவர் தொகுதி குறித்து

கடந்த இதழில் ஸ்காபரோவின் தேர்தல் தொகுதிகள் பற்றி நண்பரொருவர் எழுதிய கட்டுரையை வேலைத்தலத்துச் சாப்பாட்டு இடைவேளைகளில் இரண்டு நாளாக வாசித்து முடித்தேன். (இடைவேளை அரை மணித்தியாலம். கையிலுள்ள எண்ணெய் போகக் கழுவவே அதில் ஐந்து நிமிடம் போய்விடும்.) கட்டுரையின் சாரம் இதுதான்: ஸ்காபரோ – றூஜ் ரிவர் என்ற மாகாணத் தொகுதி 'நம்முடைய' தொகுதியாக இருந்தது, 2018இல் அதை இரண்டாக வெட்டி நம் பலத்தைச் சிதைத்துவிட்டார்கள், ஆகவே அடுத்த எல்லை நிர்ணயத்தின்போது தமிழர் செறிந்து வாழும் தெருக்களை ஒன்றுசேர்த்து நமக்கென்று ஒரு தொகுதி கேட்கவேண்டும். உணர்ச்சியோடு எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் உணர்ச்சி இருக்குமளவுக்கு அதில் வரலாறு இல்லை. முக்கியமான இடங்களில் வரலாறு தலைகீழாகவே கிடக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: ஊரில் நான் புவியியல் விரிவுரையாளனாக இருந்தவன். தேர்தற் புவியியல் என்று ஒரு சிறிய பாடம் எடுத்தேன். 1976 எல்லை நிர்ணயத்தில் திருகோணமலை மாவட்டத்தில் சேருவில என்றொரு தொகுதி எப்படிப் பிறந்தது, 1961இல் மட்டக்களப்பின் தெற்கிலிருந்து அம்பாறை மாவட்டம் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதையெல்லாம் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். இப்போது கீறுவது எதுவுமில்லை. பிளாஸ்ரிக் அச்சு இயந்திரமொன்றுக்கு முன்னால் நிற்கிறேன். ஆனாலும் வரைபடத்தைக் கண்டால் கண் முதலில் எல்லைக் கோட்டுக்குத்தான் போகிறது.

ஊரிலே எல்லைக் கோடு என்றால் அது நமக்கு எதிராகக் கீறப்பட்டது என்று நினைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து இங்குள்ள வரைபடத்தையும் வாசிக்கிறோம் என்பதே என் முதல் குற்றச்சாட்டு.

தொகுதியின் கதையைப் பார்ப்போம். ஸ்காபரோ வடக்கு என்ற பெயரில் இந்தப் பக்கத்துக்கு ஒரு மாகாணத் தொகுதி 1963 தேர்தலிலேயே இருந்தது. அன்று தொடங்கி 1985 வரை அதன் உறுப்பினர் கொன்சவேட்டிவ் கட்சியின் தொம் வெல்ஸ். 1985இல் ஜமெய்க்காவில் பிறந்த அல்வின் கேர்ளிங் லிபரல் கட்சியில் வென்றார். வயல்வெளியாக இருந்த வடக்கு ஸ்காபரோ வீடுகளால் நிரம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1987இல் சட்டமன்ற ஆசனங்கள் 130 ஆக்கப்பட்டபோது ஸ்காபரோ – அஜின்கோர்ட் என்ற புதிய தொகுதி தோன்றியது. ஆட்கள் கூடினால் தொகுதியை வெட்டுவது அன்றைக்கும் வழக்கம்தான்.

பிறகு மைக் ஹரிஸ் வந்தார். 1995இல் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று சமூக உதவிப் பணத்தை 21.6 வீதம் வெட்டியது. அந்த வெட்டை நேரடியாக வாங்கிய நம்மவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே பலர் இருப்பார்கள். அதே வருடம் டிசம்பரில், பல சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்த 26ஆம் இலக்கச் சட்டமூலத்துக்கு மக்கள் விசாரணை வேண்டுமென்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேர்ளிங் வாக்களிக்கவும் மறுத்து, ஆசனத்தை விட்டு எழும்பவும் மறுத்து, ஏறக்குறைய பதினெட்டு மணித்தியாலம் சபைக்குள்ளேயே இருந்தார். சக உறுப்பினர்கள் சுற்றி நின்று காவல் காத்தார்கள். அரசு இறங்கி வந்து விசாரணைக்கு ஒத்துக்கொண்டது. நம் தொகுதியின் வரலாறு என்று யாராவது எழுதினால் இந்த இரவு அதில் இருக்கவேண்டும். நண்பரின் கட்டுரையில் கேர்ளிங்கின் பெயரே இல்லை. அவர் தமிழரில்லைத்தானே.

1996இல் ஹரிஸ் அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரே 'அரசியல்வாதிகளைக் குறைக்கும் சட்டம்' என்பதாகும். 130 ஆசனங்கள் 103 ஆயின. மாகாணம் தனக்கென்று எல்லை கீறுவதை விட்டுவிட்டு மத்திய பாராளுமன்றத் தொகுதிகளின் எல்லையை அப்படியே பிரதி பண்ணிக்கொண்டது. 1999 தேர்தலில் ஸ்காபரோ – றூஜ் ரிவர் என்ற மாகாணத் தொகுதி இப்படித்தான் வந்தது. வடக்கே ஸ்டீல்ஸ், தெற்கே பெரும்பாலும் 401 நெடுஞ்சாலை, கிழக்கே நகர எல்லை. 1998இல் ஸ்காபரோ மாநகரமே ரொறன்ரோவுக்குள் கரைக்கப்பட்டிருந்தது. ஆக, நாம் கொண்டாடும் 'நம்முடைய தொகுதி' ஒரு செலவு வெட்டின் குழந்தை.

இனி, அது எந்த அளவுக்கு நம்முடையது? 1999 முதல் 2005 வரை கேர்ளிங். அவர் தூதுவராகப் போனதும் நடந்த இடைத்தேர்தலில் ட்ரினிடாட்டில் பிறந்த பாஸ் பல்கிசூன். அவர் 2016இல் விலகியதும் செப்டம்பர் இடைத்தேர்தலில் கொரியாவில் பிறந்த றேமண்ட் சோ. தொகுதி 2018இல் மறைந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு தமிழர்கூட அந்தத் தொகுதியிலிருந்து மாகாணச் சட்டமன்றத்துக்குப் போகவில்லை. (2011இல் ராதிகா சிற்சபைஈசன் வென்றது மத்திய பாராளுமன்றத்துக்கு. பெயரும் எல்லையும் ஒன்றாக இருந்ததால் நண்பர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் போலும்.) 2016 இடைத்தேர்தலில் லிபரல் வேட்பாளரும் தமிழர், என்.டி.பி. வேட்பாளரும் தமிழர். அன்று நம் கடைகளிலும் வானொலிகளிலும் 'வாக்குப் பிரிந்துபோச்சு' என்ற ஒப்பாரியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டு தமிழர் இரண்டு வேறு கொள்கைகளோடு நிற்கலாம், தமிழ் வாக்காளரும் இரண்டாகப் பிரிந்து யோசிக்கலாம் என்பதை நாங்கள் ஒரு விபத்தாகவே பார்த்தோம். ஊரில் அப்படிப் பிரிந்து யோசித்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2018 வெட்டுக்கு வருவோம். ஒன்ராறியோவுக்கு மத்திய பாராளுமன்றத்தில் இருந்த 106 ஆசனங்கள் 121 ஆகக் கூட்டப்பட்டன. மாகாணத்தின் தென்பகுதி அந்தப் புதிய எல்லைகளைப் பின்பற்றியது. கூடின ஆசனங்களுக்கு இடம்விடத்தான் றூஜ் ரிவர் பிரிந்தது. மேற்குப் பாதிக்கு ஸ்காபரோ வடக்கு என்ற பழைய பெயரே திரும்பி வந்தது. கிழக்குப் பாதி 401ஐக் கடந்து, ஹைலண்ட் கிறீக், வெஸ்ற் ஹில், போர்ட் யூனியன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரைவரை இறங்கி, ஸ்காபரோ – றூஜ் பார்க் ஆனது. மோல்வேர்ன் இரண்டுக்குமிடையில் பிளந்தது. அது நியாயமான வருத்தம்தான். மோல்வேர்னின் மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கும் போர்ட் யூனியனில் ஏரி பார்த்த தனிவீட்டில் இருப்பவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்டிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கேட்டிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. போர்ட் யூனியன் பக்கம் எத்தனை தமிழ் வீடுகள் என்றுதான் எண்ணுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், வெட்டப்படாத தொகுதி ஒருபோதும் அனுப்பாத தமிழ் உறுப்பினரை வெட்டப்பட்ட தொகுதி முதல் தேர்தலிலேயே அனுப்பியது. 2018 ஜூனில் றூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலமும் மார்க்கம் – தோர்ன்ஹில்லில் லோகன் கணபதியும் வென்றார்கள். இருவரும் கொன்சவேட்டிவ். எங்கள் வேலைத்தலத்திலும் இனிப்புக் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன், பொய் சொல்லக்கூடாது.

அந்த வருட நவம்பரில் அதே அரசு 47ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. 2019 ஜனவரியில் 15 டொலராக இருக்கவேண்டிய அடிப்படைச் சம்பளம் 14 டொலரில் நிறுத்தப்பட்டது. சம்பளத்துடனான இரண்டு நாள் விடுப்பு போனது. முகவர் நிறுவனங்கள் மூலம் வருகிற தற்காலிகத் தொழிலாளருக்கு நிரந்தரத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் என்ற ஏற்பாடும் போனது. எங்கள் வரிசையில் என் இடதுபக்கம் நின்ற பெடியன் முகவர் மூலம் வந்தவன், வலதுபக்கம் நின்ற அக்காவும் அப்படித்தான். மூன்று பேரும் ஒரே மூடியைத்தான் ஒரே வேகத்தில் கழற்றுகிறோம். அந்த அரசின் ஆசனங்களில் நம்மவர் இருவர் இருந்தார்கள். 2021இல் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டம் தணிகாசலம் கொண்டுவந்து நிறைவேறியதுதான். அதை நான் சிறிதாகச் சொல்லவில்லை. ஆனால் 'நம்மவர்' என்ற சொல் அந்த வாரத்தை மட்டும் உள்ளடக்கி இந்த இரண்டு நாள் விடுப்பை வெளியே விட்டுவிடுகிறது. நண்பர் கேட்கும் தொகுதியின் எல்லையும் அந்தச் சொல்லால்தான் கீறப்படப்போகிறது.

இனி நான் உண்மையில் சொல்லவந்த விடயம். இங்கே எல்லை நிர்ணயம் வாக்காளரை எண்ணுவதில்லை, குடிசன மதிப்பீட்டில் கண்ட ஆட்களை எண்ணுகிறது. 1999 மாகாணத் தொகுதிக்கு அடித்தளமான மத்திய எல்லைகள் 1991 குடிசன மதிப்பீட்டை வைத்துக் கீறப்பட்டவை. அந்த 1991 மதிப்பீட்டில்தான் முதன்முறையாக அகதிக் கோரிக்கையாளரும் வேலை அனுமதியில் இருப்போரும் எண்ணப்பட்டார்கள். அதாவது, அடித்தள அறைகளில் வழக்குக்குக் காத்திருந்த நம் ஆட்கள் தலைகளாகத் தொகுதிக்குள் சேர்க்கப்பட்டார்கள். வாக்கு இல்லை. அவர்களால் கூடிய எடை முழுவதும் அதே தொகுதியிலிருந்த குடியுரிமைக்காரரின் வாக்குகளில்தான் ஏறியது.

இது எனக்குப் புதிய கணக்காக இருக்கவில்லை. சோல்பரி யாப்பின்கீழ் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம் என்று பிரித்தார்கள். 1948, 1949 சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தபின்னும், ஆசனம் ஒதுக்கும்போது தோட்டத்து ஆட்கள் எண்ணப்பட்டார்கள். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இருந்தார்கள், 1952இல் ஒருவருமில்லை. லயத்திலிருந்தவரின் தலையால் வந்த ஆசனத்துக்கு அயல் கிராமத்தவர் வாக்குப் போட்டார்கள். இதை வகுப்பில் படிப்பித்தபோது யாழ்ப்பாணத்து மாணவர் பலருக்கு அது ஒரு பரீட்சைக் கேள்வி மட்டுமே. எனக்கும் பெரிதாக வேறாக இருந்ததென்று சொல்லமாட்டேன். மலையக மாணவி ஒருத்தி மட்டும் அன்று எழுதுவதை நிறுத்திவிட்டுக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டும் ஒன்றல்ல. இங்கே வாக்கில்லாதவர் ஒருநாள் குடியுரிமை பெறலாம். அங்கே இருந்த குடியுரிமையையே பிடுங்கினார்கள். எனக்கே கோரிக்கை, வதிவிட அனுமதி, குடியுரிமைப் பரீட்சை எல்லாம் தாண்டி முதல் வாக்கு 2011இல் கிடைத்தது. அதுவரை நான் றூஜ் ரிவர் தொகுதியில் வெறும் தலை. இன்று அந்த இடத்தில் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். நான் சொன்ன அந்த இடதுபக்கத்துப் பெடியன் சர்வதேச மாணவனாக வந்தவன், பஞ்சாபி. நண்பர் கேட்கும் தமிழ்த் தொகுதிக்கு அவனுடைய தலையும் வேண்டியிருக்கும். அவனுக்கு அங்கே என்ன இடமென்று கட்டுரை ஒரு வரிகூடப் பேசவில்லை.

சமூகத்துக்கென்று தொகுதி கேட்பதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. 1991இல் கனடிய உச்ச நீதிமன்றம், வாக்குரிமை என்பது எண்ணிக்கைச் சமத்துவம் மட்டுமல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவம் என்று சொல்லிச் சமூக நலன்களுக்கும் இடம் விட்டது. ஒன்ராறியோவின் தூர வடக்கில் 2018இல் உருவான கீவெற்றினூங் தொகுதியில் சுமார் 33,000 பேர்தான், பெரும்பான்மையினர் ஆதிக்குடிகள். நண்பர் இதை முன்னுதாரணம் என்கிறார். அந்த நிலம் அவர்களுடையது, வீதியே போகாத கிராமங்கள் அவர்களுடையவை. அவர்களிடமிருந்து எடுத்த நிலத்தில் மிகப் பிந்தி வந்து குடியேறிய நாங்கள் அதே வரிசையில் போய் நிற்பதற்குக் கொஞ்சம் கூச்சப்படவேண்டும்.

2022இல் மத்திய ஆணைக்குழு ஸ்காபரோவின் ஆறு ஆசனங்களில் ஒன்றை எடுத்துவிட முன்மொழிந்தபோது ஸ்காபரோவாசிகள் எதிர்த்தார்கள். இறுதி அறிக்கையில் ஸ்காபரோவின் பெயர் தாங்கிய ஆறு தொகுதிகள் இருந்தன. அங்கே பேசப்பட்டது ஸ்காபரோ, ஓர் இனமல்ல. மாகாணமோ புதிய எல்லைகளை எடுக்காமல் 2025 பெப்ரவரித் தேர்தலையும் பழைய கோட்டிலேயே நடத்தியது. அதாவது 2011இல் எண்ணிய தலைகளை வைத்து.

2021 மேயில் குடிசன மதிப்பீட்டுப் படிவம் வந்தபோது வீட்டுக்காரர் மேல்மாடியிலிருந்த என்னிடம் கொண்டுவந்து தந்தார், ஆங்கிலம் எனக்கு ஓடுமென்று. 'சேர், கீழை இருக்கிற பெடியளை எழுதிப்போடாதேங்கோ. சிற்றியிலை இருந்து வந்து பார்த்தாங்களெண்டால் கரைச்சல்' என்றார். சென்ற தேர்தலில் தமிழ் வேட்பாளருக்கு வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டவர் அவர். கீழே மூன்று பேர் இருந்தார்கள், மூவரும் தமிழ்ப் பெடியன்கள்தான். படிவத்துக்கும் சிற்றிக்கும் சம்பந்தமில்லை, யாரும் வரமாட்டார்கள் என்று விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை. நான் மூன்று பேரின் பெயரையும் கேட்டு எழுதினேன். அடுத்த மாதம் வாடகை ஐம்பது டொலர் கூடியது.