கணக்குல வாங்குற அடி

ஒரே ஒரு பாடத்துல மார்க் போச்சு, இனிமே நல்ல காலேஜ் கிடைக்குமா? பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா ஏற்காடு அடிவாரத்தில் இந்தக் கேள்வி என் காதில் விழாத நாளில்லை. ஆறுதல் சொல்ல வருபவர்கள் "சரி, மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். அங்கேயே தப்பு ஆரம்பிக்கிறது. இங்கே பொறியியல் சீட்டு மொத்தத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு அப்படியே 100. இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. இரண்டு பிள்ளைகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தி கணக்கில் 80, மற்ற இரண்டிலும் 95. இன்னொருத்தி இயற்பியலில் 80, மற்ற இரண்டிலும் 95. மூன்று பாடக் கூட்டல் இருவருக்கும் 270. கட்-ஆஃப் மட்டும் முதல் பெண்ணுக்கு 175, இரண்டாவது பெண்ணுக்கு 182.5. கிண்டி பொறியியல் கல்லூரிக்கான வரிசையில் அரை மார்க்குக்கே கூட்டம் நெருக்கியடிக்கும். ஏழரை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். அதே 80 தமிழிலோ ஆங்கிலத்திலோ விழுந்திருந்தால் கட்-ஆஃப் அசையவே அசையாது.

இத்தோடு விட்டார்களா? சம கட்-ஆஃப் வந்தால் யார் முன்னே என்று பார்க்க முதலில் எடுப்பதும் கணக்கு மார்க்தான். அப்புறம் இயற்பியல், விருப்பப் பாடம் என்று இறங்கிப் பிறந்த தேதி வரை போகும். ஏற்கெனவே முழு எடை போட்ட பாடத்தையே தராசில் மறுபடி ஏன் வைக்க வேண்டும்? கணக்குதான் பொறியியலுக்கு அஸ்திவாரம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அஸ்திவாரத்தை அளப்பது ஒரே நாள், மூன்று மணி நேரத் தேர்வு.

சேர்வராயன் மலைமேல் 1917-ல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியும் இருக்கிறது, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைக்காரர்களேதான்) படிக்கிற ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் நடு வருஷத்தில் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும்? தமிழ் ஐயா போனால் ஆகாத நஷ்டம் இதில் ஆகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் பொறியியலுக்கும் வந்தது, நல்ல விஷயம். ஆனால் அதற்குள்ளே நிற்கிற வரிசையும் இதே கட்-ஆஃப் வரிசைதான்.

என்.ஐ.டி. பக்கம் போனால் கதை தலைகீழ். ரேங்க் தருவது ஜே.இ.இ.; பிளஸ் டூவில் 75 சதவீதம் (பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 65), அல்லது அந்தந்த வாரியத்தில் முதல் 20 பர்சன்டைலுக்குள் இருந்தால் போதும். இந்தக் கணக்கில் மொழிப்பாடமும் சேரும். அங்கே நஷ்டமில்லாத தமிழ் மார்க் இங்கே காலை வாரலாம். மருத்துவத்தில் 2017-க்குப் பிறகு இன்னும் கொடூரம். அரியலூர் அனிதா 1200-க்கு 1176 எடுத்தவர், மருத்துவக் கட்-ஆஃப் 196.75. நீட்டில் 86. அந்த ஒரு எண் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

ஒரு மோசமான நாளைக் கொஞ்சம் கரைக்கிற வாய்ப்பு நமக்கு ஒருமுறை வந்தது. 2017-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது இரண்டு வருஷத்து 600-ஐயும் சேர்த்து 1200 ஆக்குவதாகத்தான் பேச்சு. பதினொன்றாம் பாடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகளுக்கும் அது கடிவாளம். 2018-லேயே பிளஸ் ஒன் மார்க் உயர்கல்விக்குக் கிடையாது என்றாகி, 2025-ல் அந்தத் தேர்வே போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, வாஸ்தவம். முழுப் பாரமும் ஒரே தேர்வின்மேல் ஏறி உட்கார்ந்ததும் வாஸ்தவம்.

கணக்கில் சந்தேகமாகக் குறைந்திருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய முடியும். அவகாசம் சில நாட்கள்தான்.