நூறு பாதாமை வறுப்பது யார்?

போன ஒரு வருஷமாக, எடைக்குறைப்பு பற்றித் தமிழில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவருகிறேன். புத்தகம், வார இதழ் இணைப்பு, யூடியூப் டாக்டர்களின் பேச்சு, அரசு வெளியிட்ட உணவு வழிகாட்டி, நடுவில் ஒரு சினிமாவும். பொழுதுபோகாமல் வாசித்ததில்லை. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று சொல்லும் பரிசோதனை அது. சென்னையின் டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்தது. அவர் பெயர் தெரியாத தாய்மார்களுக்கும் அந்தத் தித்திப்பும் குமட்டலும் மறந்திருக்காது.

குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 2009-ல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, இப்படி வந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்கிறது. "எடையைக் குறைச்சுக்கங்கம்மா" என்றார் டாக்டர். எப்படின்னு கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதனால்தான் வாசிப்பு. வாசித்து முடித்தபோது எல்லாவற்றிலும் ஒரே ஆள் காணாமல்போயிருப்பது தெரிந்தது. சாப்பிடுகிறவர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார். சமைக்கிறவரைத் தேடினால் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை யாருமே எடுக்கவில்லை.

முதலில் பேலியோ. நியாண்டர் செல்வன் தினமணி இணையதளத்தில் 'கொழுப்பு நல்லது' என்று எழுதிய தொடரும், கிழக்கு வெளியீடாக வந்த 'பேலியோ டயட்' புத்தகமும், அவர் நடத்திய முகநூல் குழுவும் சேர்ந்து தமிழில் ஒரு காரியம் செய்தன. அதை மறுக்கக்கூடாது. அதுவரை டயட் என்றால் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து இறங்கிவந்த ஓட்ஸும் சாலடும்தான். இவர்தான் நெய், முட்டை, ஆட்டுக்கறி, தேங்காய் என்று நம்ம வீட்டு அலமாரியில் இருப்பதை வைத்துப் பேசினார். ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு ஆரம்பி என்ற ஒழுங்கும் அங்கே இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அது இன்னும் நெருக்கம். நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் முட்டை விழுகிறது. தினமும் தங்க விலை மாதிரி முட்டை விலை அறிவிக்கிற ஊரில், "காலையில நாலு முட்டை சாப்பிடு" என்று சொன்னால் கசக்குமா?

சிக்கல், அந்தப் பட்டியலின் இலக்கணத்தில் இருக்கிறது. பேலியோ என்றாலே தமிழர்களுக்கு நினைவு வருவது நூறு பாதாம். ஊறவைத்து, காயவைத்து, நெய்யில் வறுத்த நூறு பாதாம். இந்த மூன்று வினைகளுக்கும் எழுவாய் எங்கே? பட்டியலில் "காலை" இருக்கிறது, "மதியம்" இருக்கிறது. ஊறவைத்தது யார், மாடியில் காக்கா தூக்காமல் பார்த்துக்கொண்டது யார், கரியாமல் வறுத்தது யார்? காலிபிளவரைத் துருவி அரிசி மாதிரி ஆக்குவதும் இதே கதைதான். தெருவில் பேலியோ இருந்து பதினைந்து கிலோ குறைத்த அண்ணன் ஒருத்தரை எனக்குத் தெரியும். நிஜமாகவே குறைத்தார். அவர் வீட்டு அக்கா அந்த ஆறு மாசமும் ஒரு வேளைக்கு மூணு அடுப்புச் சமையல் செய்தார்: அவருக்குக் கறி, பிள்ளைகளுக்குச் சோறு, மாமனாருக்குக் களி. அக்காவுக்கு என்ன என்று நான் கேட்டேன். "மிச்சந்தான்" என்று சிரித்தார்.

இன்னொரு கணக்கு. நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம் வரும், நெய்யை விட்டுவிட்டாலும் 700 கலோரி பக்கம். ஐசிஎம்ஆரின் 2020 கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்த வாழ்க்கை வாழும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1660 கலோரி. அதே வகை ஆணுக்கு 2110. பசி அடங்கும்வரை சாப்பிடு, கலோரி எண்ணாதே என்பது பேலியோவின் பெரிய ஆசுவாசம். உருவம் பெரிய ஆம்பளைக்கு அது சரியாகப் பொருந்துகிறது. சின்ன உடம்புக்காரிக்குக் காலையிலேயே நாளில் பாதி போய்விடுகிறது. பாதாம் விக்கிற விலைக்குக் குடும்ப பட்ஜெட்டில் அவள் பெயரில் அதை எழுதவும் மாட்டாள் என்பது தனி விஷயம்.

அரசு வழிகாட்டிக்கு வருகிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்டது, 17 அறிவுரைகள். நல்ல ஆவணம், அலட்டல் இல்லாதது. 2000 கலோரித் தட்டுக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய், 85 கிராம் பருப்பு வகை என்று போகிறது. ஐந்து பேர் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு கிலோ காய் நறுக்கவேண்டும் என்று பெருக்கிப் பார்த்தேன். அவர்கள் தட்டை அளக்கிறார்கள். எங்களிடம் இருப்பது குண்டா. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாசம் கூடுதலாக 600 கலோரி வேண்டும் என்பதும் இதே நிறுவனங்களின் கணக்குதான். பிரசவித்த மூணாம் மாசமே "வயிறு இறங்கலையே" என்று விசாரிக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்த ஒரு வரியை மட்டும் அச்சடித்துக் கொடுக்கலாம்.

ரெண்டு வாரம் ஒரு நோட்டுப் போட்டேன். வாய்க்குள் போனதையெல்லாம் எழுதினேன், உட்கார்ந்து சாப்பிட்டதை மட்டுமல்ல. கல்லில் ஒட்டிப் பிய்ந்த முதல் தோசை. வேன் ஹாரன் கேட்டதும் பெரியவன் வைத்துவிட்டுப்போன இட்லி ஒன்றரை. சின்னவளின் பால் டம்ளர் அடியில் கரையாமல் நின்ற சர்க்கரை. உப்புப் பார்க்க மூணு கரண்டிக் குழம்பு. நாலு மணிக் காபியோடு டப்பாவில் உடைந்து கிடந்த முறுக்கு. ராத்திரி குக்கர் அடியில், நாளைக்கு வைத்தால் வீணாகிவிடும் என்று ஒரு பிடி சோறும் மீதிப் பொரியலும். ஒரு நாள் பதினான்கு முறை எழுதியிருந்தேன். அதில் தட்டுப் போட்டு உட்கார்ந்தது இரண்டு முறை.

1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று வந்தது. எவ்வளவு கட்டுப்படுத்தியும் எடை இறங்கவில்லை என்றவர்களை அளந்து பார்த்ததில், அவர்கள் சொன்ன கணக்கு உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. இதைப் பொய், ஏமாற்று என்கிற தொனியில் சொல்லும் டாக்டர்களைக் கேட்டிருக்கிறேன். என் நோட்டைப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிச்சத்தைத் தீர்ப்பதை நாம் சாப்பாடு என்றே நினைப்பதில்லை, பாத்திரம் கழுவுவதன் முதல் படி அது. இந்தப் பக்கம் முன்பு வீட்டுக்கு வீடு எருமையோ மாடோ இருந்தது. பிள்ளை விட்டது, வடித்த கஞ்சி, காய்த் தோல் எல்லாம் கழனித்தண்ணிக்குப் போகும். மாடு போச்சு, கழனித்தொட்டி போச்சு. சோற்றை வீணாக்கக்கூடாது என்ற வளர்ப்பு மட்டும் போகவில்லை. தொட்டியின் வேலையை அம்மாவின் வயிறு எடுத்துக்கொண்டது. எந்தப் புத்தகத்திலும் இது பற்றி ஒரு பத்தி கிடையாது. "நொறுக்குத்தீனி தவிர்க்கவும்" என்று இருக்கும், அது வேறு.

நடைக்கு வருவோம். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை. எண்ணம் நல்லதுதான், ஜப்பான் போய்வந்து யோசித்தது என்றார்கள். எட்டு கிலோமீட்டரைக் குழந்தை இல்லாத கையோடு நடக்கவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், போக வர பஸ் தனி. 2024-ன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88. பிள்ளை பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. "தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்க" என்று சொல்பவர்கள் அதை யார் கணக்கிலிருந்து கழிப்பது என்று சொன்னால் உபகாரமாக இருக்கும்.

"கணவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்பது அடுத்த ஆலோசனை. திருச்செங்கோட்டுப் பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். ரிக் வண்டியோடு போனவர்கள் மாசக்கணக்கில் ஏதோ ஒரு வடமாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருப்பார்கள். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர் வீடுகளும் அப்படியே. பள்ளிபாளையம், இளம்பிள்ளைப் பக்கம் என்றால் கணவர் ஊரிலேயே இருப்பார், ஆனால் தறி ஓடும். "வீட்டில் சும்மா இருக்கிற" பெண்ணும் மதியம் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். இதற்கு நடுவில் காவிரித் தண்ணி என்றைக்கு எத்தனை மணிக்கு விடுவான் என்பது வேறு.

நான் வாசித்ததில் இந்த வாழ்க்கையை ஓரளவு புரிந்துகொண்டு எழுதப்பட்டது, வேடிக்கையாக, ஜெனீவாவிலிருந்து வந்த ஆவணம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 உடலியக்க வழிகாட்டி. வாரத்துக்கு 150 நிமிஷம் என்ற எண் பழையதுதான். ஆனால் அதற்கு முந்தைய 2010 பதிப்பில், ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிஷம் செய்தால்தான் சேரும் என்ற நிபந்தனை இருந்தது. 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். மாடிப்படி இரண்டு நிமிஷம், வேன் நிறுத்தத்துக்கு வேகநடை ஏழு நிமிஷம், எல்லாமே கணக்கில் வரும். பிள்ளை பெற்றவர்களைத் தனியாகப் பெயர் சொல்லிப் பேசுகிறது. யூடியூபில் "பத்தாயிரம் அடி" என்று முழங்குகிறார்களே, அது 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண். 2019-ல் பதினாறாயிரத்துச் சொச்சம் வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில், 4,400 அடியிலேயே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. அது எடைபற்றிய ஆய்வு அல்ல, அதையும் சொல்லிவிடவேண்டும்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-ல் சிகாகோவில் பத்துப் பேரை வைத்துச் சின்ன ஆய்வு ஒன்று நடந்தது. ஒரே அளவு குறைந்த சாப்பாடு, ஒரு கட்டத்தில் 8.5 மணி நேரம் படுக்கை, இன்னொன்றில் 5.5. இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. தூக்கம் குறைந்த கட்டத்தில் மட்டும் கொழுப்புக் கரைந்தது பாதிக்கும் கீழே போனது, தசை அதிகம் போனது. பத்துப் பேர்தான், பெரிய தீர்ப்புக்குப் போதாது. ஆனாலும் ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்கிறவளிடம் "காலை நாலரைக்கு எழுந்து யோகா" என்று எழுதுகிறவர் இதைப் படித்திருக்கலாம்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2015-ல் வந்த 'இஞ்சி இடுப்பழகி'க்காக அனுஷ்கா நிஜமாகவே எடை போட்டார், மெலியவைக்கும் கம்பெனிகளை அந்தப் படம் திட்டியது, நல்லது. ஆனால் அங்கேயும் எடை என்பது கல்யாணம் ஆகாததன் பிரச்சினை. கல்யாணமாகி ரெண்டு பெற்றபின் குண்டானவள் தமிழ்ப் படத்தில் காமெடி டிராக்கில்தான் வருவாள். நிஜத்தில், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4. இத்தனை பேரைக் காமெடி டிராக்கில் அடைக்க முடியாது.

என் வீட்டில் மாறியது கொஞ்சம்தான், எல்லாம் குண்டாவில்தான். எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று அத்தை எடுத்துக்கொடுத்தார், வாரம் மூணு நாள் எல்லோருக்கும் கொள்ளுப் பருப்பு. மதியம் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு முட்டை, எனக்கு ரெண்டு. இதற்குத்தான் வீட்டில் பேச்சு வந்தது. "ஏன் கண்ணு, உனக்கு மட்டும் ரெண்டா?" என்று அத்தை கேட்டதில் கோபமில்லை, அவருக்கு யாரும் ரெண்டு வைத்ததில்லை, அவ்வளவுதான். இப்போது அவரும் ரெண்டு. அரிசியை அரை டம்ளர் குறைத்து வைத்ததை யாரும் கவனிக்கவில்லை. பெரியவன் விடும் இட்லி தெருக்கோடி எருமைக்குப் போகிறது. தூக்கிக்கொண்டு போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். ஏழு மாசத்தில் நாலு கிலோ. பேலியோ அண்ணன் இதைக் கேட்டால் சிரிப்பார்.

யாராவது இதைப் புத்தகமாக எழுதுவதாக இருந்தால் ஒரே வேண்டுகோள்: அட்டையில் டேப் சுற்றிய இடுப்பும் ஆப்பிளும் வேண்டாம். ஒரு ஓரம் கடித்த இட்லியைப் போடுங்கள்.