கற்பித்தற் பயிற்சியும் தோட்டப் பிள்ளையும்

ஆசிரியத் தொழிலைக் கற்கப் புகுவோர்க்கு நூலறிவு ஒரு பாதி. வகுப்பறையில் நின்று பெறும் அறிவு மறு பாதி. இவ்விரண்டனுள் முன்னையது தேர்வினால் அளக்கப்படும். பின்னையது எதனால் அளக்கப்படுகின்றது, எதனால் அளக்கப்படல் வேண்டும் என்பன ஆசிரியர் பயிற்சி பற்றிய ஆராய்ச்சியில் தலையாய வினாக்களாம். கற்பித்தற் பயிற்சிக் காலத்தில் ஆசிரிய மாணவர் வளர்ச்சி அடைகின்றார் என யாவரும் கூறுவர். அவ்வளர்ச்சி யாது, அதனை எங்ஙனம் அறிவது என்பதிலோ தெளிவு குறைவு. பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவா மலைத்தோட்டங்களின் பாடசாலைகளை முன்னிறுத்தி இதனை ஆராய்தல் பயனுடைத்து. பிறவிடங்களில் மறைந்து கிடக்கும் குறைகள் அங்கு வெளிப்படையாகத் தோன்றும்.

தோட்டப் பாடசாலையின் வரலாறு 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டத்தோடு தொடர்புடையது. ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகட்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பை அச்சட்டம் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திற்று. பல தோட்டங்களில் அது பெயரளவிலேயே நிறைவேறியது. லயத்துக் காம்பராவொன்று பள்ளியாயிற்று. ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர் ஒருவரே இருந்தார். 1945ஆம் ஆண்டு தொடங்கிய இலவசக் கல்வியின் பயனும் மலையேறி வரத் தாமதித்தது. 1977ஆம் ஆண்டு தொடங்கியே இப்பாடசாலைகள் பெருந்தொகையாக அரசின் பொறுப்பில் வந்தன.

அக்காலத் தோட்ட ஆசிரியருட் பலர் முறையான பயிற்சி பெற்றவரல்லர். மனனமும் பிரம்புமே அவர்தம் கருவிகள் எனக் குறை கூறுவாருமுளர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அவர்களிடத்து ஒரு நிறை இருந்தது. பிள்ளைகள் வாழ்ந்த தோட்டத்திலேயே அவர்களும் வாழ்ந்தனர். எந்தப் பிள்ளையின் தாய் எந்த மலையிற் கொழுந்து பறிக்கின்றாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள எந்த வீட்டில் மூத்த பிள்ளை மறிக்கப்படுகின்றது என்பனவெல்லாம் அவர்கள் கேளாமலே அறிந்திருந்தனர். ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934–2022) தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மைந்தர். தாமும் பதுளைப் பகுதியிலுள்ள தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். ஆசிரியர்க்கும் தோட்டத்துக்கும் இருந்த நெருக்கத்திற்கு அப்பெயரே சான்று.

பிற்காலத்து நிலை இதற்கு மறுதலையாயிற்று. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி எழுந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளில், ஆசிரிய மாணவர் இரண்டாண்டு தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றிற் கட்டுறு பயிற்சி பெறும் முறை வகுக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளின் தேவை கருதி எழுந்த பத்தனை சிறீபாத கல்வியியற் கல்லூரியால் முறையறிந்த இளைஞர் பலர் மலையகத்துக்குக் கிடைத்தனர். 2015ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 3,000 பேர் மலையகப் பாடசாலைகட்கு ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்றபோது இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. அவர்கள் முதலில் வகுப்பறையில் நின்று, பின்னரே பயிற்சி பெறச் சென்றனர். எவ்வழியாயினும் அடிப்படை வினா மாறவில்லை. நகரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து மாலைப் பேருந்தில் மீளும் ஆசிரியர்க்கு லயத்து வாழ்க்கை புலப்படுதல் அரிது. பழைய ஆசிரியர் பிள்ளையை அறிந்தார், முறையை அறியார். புதியவர் முறையை அறிந்தார், பிள்ளையை அறியார். இவ்விரு அறிவும் ஒன்றுகூட வேண்டிய இடமே கற்பித்தற் பயிற்சி.

அமெரிக்கக் கல்வியறிஞர் யோன் டூயி 1904ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் மாணவரின் கவனத்தைப் புறக்கவனம், அகக்கவனம் என இருவகைப்படுத்தினார். பிள்ளை நிமிர்ந்திருத்தல், கரும்பலகையை நோக்குதல், கேட்டவுடன் விடை கூறுதல் ஆகியன புறக்கவனத்தின் அறிகுறிகள். அப்பிள்ளையின் உள்ளம் பொருளோடு பொருந்தி இயங்குதலே அகக்கவனம். பயிற்சி பெறும் ஆசிரியர் புறக்கவனத்தை நிலைநாட்டுவதிலேயே முழு முயற்சியையும் செலவிட நேர்ந்தால், அகக்கவனத்தைக் காணும் கண்ணை இழப்பர் என்பது அவர் எச்சரிக்கை. பிரான்சிஸ் புல்லர் என்பார் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்வது. தொடக்கத்தில் ஆசிரிய மாணவரின் கவலை தம்மைப் பற்றியது. அனுபவம் முதிர்ந்த பின்னரே அது பிள்ளையின் கற்றலை நோக்கித் திரும்புகின்றது என்பது அவர் கண்ட முடிபு. தன்னை நோக்கிய பார்வை பிள்ளையை நோக்கித் திரும்புதலே ஆசிரிய மாணவரின் வளர்ச்சி என இவற்றிலிருந்து துணியலாம்.

தமிழ் மரபும் இதனையே வற்புறுத்துகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியர்க்குரிய குணங்களைக் கூறியதோடமையாது, பாடஞ்சொல்லும் முறையையும் தனியே வகுத்துரைக்கின்றது. காலமும் இடமும் நோக்கி, சொல்லும் பொருளை உள்ளத்தமைத்து, விரைவும் வெகுளியுமின்றி, கேட்போன் ஏற்கும் வகையை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு கொடுத்தல் வேண்டும் என்பது பவணந்தியார் கருத்து. கொடுப்பவன் திறமைக்கு அளவுகோலாக அவர் நிறுத்துவது கொள்பவன் உள்ளத்தையேயாம்.

இவ்வளவுகோலால் நடைமுறை மேற்பார்வையை அளந்து பார்த்தல் தகும். விரிவுரையாளர் வரும் நாள் முன்னரே தெரிந்துவிடின், அன்றைய பாடத்துக்கெனப் படங்கள் வரையப்படும். வகுப்பு முதல்நாளே ஒத்திகை பார்க்கப்படுதலும் உண்டு. மேற்பார்வையில் நோக்கப்படுவன பெரும்பாலும் குரல், கரும்பலகை எழுத்து, துணைச்சாதனம், வகுப்புக் கட்டுப்பாடு, நேரப் பங்கீடு, பாடக்குறிப்பின் ஒழுங்கு என்பனவாம். இவையாவும் ஆசிரியரிடத்துக் காணப்படுவன. பிள்ளையிடத்து நிகழ்ந்தது யாது என்பதற்கு இடம் மிகச் சிறிது. பாடக்குறிப்பின் வடிவம் காலந்தோறும் மாறியுள்ளது. ஜெர்மானிய அறிஞர் ஏர்பாட்டின் வழிவந்தோர் வகுத்த ஐந்து படிகள் ஒருகாலத்தில் ஆட்சி செய்தன. 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு இடைநிலை வகுப்புக்களில் வேறோர் ஐந்து படி மாதிரி பரவிற்று. படிகள் மாறினும், படிவத்தை நிரப்பும் பழக்கம் மாறிற்றில்லை.

தோட்டப் பாடசாலையில் இதனால் விளையும் கேடு பெரிது. அங்குள்ள பிள்ளை பெரும்பாலும் அடக்கமுடையது. விளங்காததை விளங்கவில்லை என்று எழுந்து கூறும் பழக்கம் அதற்கில்லை. விளங்கிற்றா என்று வினவின், வகுப்பு முழுதும் ஒரே குரலில் ஆம் என்னும். அக்கூட்டுக்குரலை வெற்றியெனக் கொள்ளும் ஆசிரிய மாணவர் நல்ல புள்ளி பெறுவர். கூட்டுக்குரலினுள் ஒளிந்த பிள்ளையோ எழுத்தறிவு நிரம்பாமலே மேல்வகுப்புக்கு ஏறிப் பின் ஒருநாள் பாடசாலையை விட்டு நீங்கும். அந்நீக்கம் எவருடைய பயிற்சிப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

எடுத்துக்காட்டாக, நான்காந் தரத்தில் நிறை பற்றிய பாடம் நடத்தும் ஆசிரிய மாணவி ஒருவரைக் கருதுக. அவர் அப்பிள், திராட்சை ஆகியவற்றின் வண்ணப் படங்களைக் கொணர்கின்றார். பாடம் ஒழுங்காக நிறைவெய்துகின்றது. கொப்பிகளிலோ கூட்டலும் கழித்தலும் பிழையாக இருக்கின்றன. மறுநாள் அவர் படங்களை ஒதுக்கிவிட்டு, கொழுந்து நிறுப்பது எப்படி என்று பிள்ளைகளையே வினவுகின்றார். காலை நிறுவையில் 6 கிலோ, பகலில் 7, அந்தியில் 5; சாக்குக்கும் ஈரத்துக்குமாக 2 கிலோ கழிவு; மிகுதி 16. நாட்பேர் முழுதாக விழுமா, அரைப்பேராகுமா என்பதையும் ஒரு பிள்ளை வாய்க்கணக்காகவே சொல்லிவிடுகின்றது. கணக்கறியாத பிள்ளை என முதல்நாட் கருதப்பட்டது, எழுத்துக்கணக்கை மட்டுமே அறியாத பிள்ளை என்பது இப்போது தெளிவாகின்றது. இனிக் கற்பிக்க வேண்டியது எது என்பதும் உடன் தெளிவாகின்றது. ஆசிரியையின் வளர்ச்சி இரண்டாம் நாளில் நிகழ்ந்தது. மேற்பார்வையாளர் வந்தது முதல்நாளாயின், அவ்வளர்ச்சியை எவர் அறிவர்?

புறவொழுங்கு வேண்டாவோ எனச் சிலர் வினவுதல் கூடும். வேண்டும் என்பதே விடை. இரண்டு மூன்று வகுப்புக்கள் தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில் இயங்குமிடத்து, குரலும் கட்டுப்பாடும் அறியாத ஆசிரியர் எதனையும் கற்பித்தல் இயலாது. தொடக்கத்தில் படிவம் ஊன்றுகோல் போல உதவுகின்றது. மேற்பார்வையாளர் சிலரே, பாடசாலைகளோ மலைக்கு மலை சிதறிக் கிடப்பன, ஆதலின் எளிதிற் காணத்தக்கவற்றை அவர்கள் காண்பதில் வியப்பில்லை. எனினும், எளிதில் அளக்கத்தக்கது எதுவோ அதுவே வளர்ச்சி எனக் கொள்ளுதல் தவறு. ஊன்றுகோலின் அழகுக்குப் புள்ளியிட்டு, நடந்த தூரத்தை நோக்காது விடுதல் போன்றது அது.

இக்குறை பெரும் பொருட்செலவின்றியே நீக்கத்தக்கது. பயிற்சித் தொடக்கத்தில் மூன்று நான்கு பிள்ளைகளைத் தெரிந்து, அவர்கள் அறிந்தது, அறியாதது ஆகியவற்றை ஆசிரிய மாணவர் பதிவு செய்து, முடிவில் மீண்டும் பதிவு செய்தல் ஒன்று. மேற்பார்வையாளர் ஒரே வகுப்பை ஒரே பாடப்பொருளில் இருமுறை காண்டலும், பாடம் முடிந்தபின் எந்தப் பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று வினவுதலும் மற்றொன்று. ஆண்டுக்கணக்காக அத்தோட்டத்துப் பிள்ளைகளோடு பழகிய வகுப்பாசிரியரின் கருத்தையும் மதிப்பீட்டிற் சேர்த்தல் மூன்றாவது. இவற்றால் பழைய ஆசிரியரின் அறிவும் புதிய ஆசிரியரின் முறையும் ஓரிடத்திற் கூடும்.

நூறாண்டுக்கு மேலாகத் தோட்டப் பிள்ளைக்குக் கட்டடமும் நூலும் ஆசிரியரும் குறைவாகவே வழங்கப்பட்டன. அக்குறைகள் ஒவ்வொன்றாக நீங்கிவரும் காலத்தில், அப்பிள்ளையை உற்றுநோக்கும் கண் ஆசிரியர்க்கு வாய்த்தல் வேண்டும். அக்கண் திறந்ததா என்று காண்பதே கற்பித்தற் பயிற்சியை மதிப்பிடுவோரின் கடன்.