கடைசி பஸ்ஸும் நாடக விமர்சனமும்

நாடகம் முடிந்ததும் டீக்கடைக்குப் போவது எங்கள் நண்பர் வட்டத்தின் வழக்கம். எங்கள் விமர்சனங்களில் பாதி அந்தப் பெஞ்சில் உருவானதுதான்.

ஓர் இரவு பேச்சு இன்குலாபின் 'ஔவை' பக்கம் திரும்பியது, அ. மங்கை இயக்கத்தில் 1998இல் மேடையேறிய நாடகம். 1953இல் வந்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நிலைநிறுத்திய கோலூன்றிய பாட்டியை அது கலைத்துப்போடுகிறது. அதியமானோடு கள்ளுண்ட புறநானூற்றுப் பெண்ணை மீட்டெடுக்கிறது. பிரதியை வாசித்த நண்பர், "வசனம்தான் நாடகத்தைத் தூக்குது" என்றார். மேடையில் பார்த்தவர், "இல்லைங்க, உடம்புதான்" என்றார். பிரதியா, நிகழ்த்துதலா? பதினொரு மணிவரை வாதம் நீண்டது.

அந்த வாதத்தில் ஒரு பெண்கூட இல்லை. உடன் வந்த தோழி கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். ஊர் ஊராகத் திரிந்த பெண்ணைப் பற்றி, இரவில் திரிய முடிகிற ஆம்பளைங்க மட்டும் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் அவரிடம் சொன்னபோது புறநானூறு 206ஐ நினைவூட்டினார். பரிசில் தாமதமாகிறது, வாயிற்காவலனிடம் சொல்லிவிட்டு ஔவை புறப்படத் துணிகிற பாட்டு. "நீங்க கள்ளையே பேசியிருக்கீங்க. அவ நெனச்சா கிளம்பலாம். நான் கிளம்பியே ஆகணும். ரெண்டும் ஒண்ணா?"

பிரதி, நிகழ்த்துதல் என்ற எங்கள் இருமைக்குள் இந்த வாசிப்புக்கு இடமிருக்கவில்லை. நண்பர்களின் ஒருமித்த கருத்து என்று நாம் அச்சேற்றுவது பெரும்பாலும் கடைசிவரை உட்கார முடிந்தவர்களின் கருத்துதான். இதை அழகியல் பிரச்சினை இல்லை என்று ஒதுக்க முடியாது.

அடுத்த சந்திப்பைப் பகல் 3 மணிக்கு வைத்திருக்கிறோம். அவர்தான் முதலில் பேசுகிறார்.