மருந்து அதிகாரமும் மெலிவுணவு மோகமும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', அண்மைக் காலத்தில் எதிர்பாராத ஓரிடத்தில் மேற்கோளாகி வருகின்றது. நாளொன்றுக்கு 16 மணி நேரம் உண்ணாதிருந்து உடலை மெலிவிக்கும் முறையைப் போற்றுவோர், அதனை வள்ளுவரே வகுத்துத் தந்தார் என்கின்றனர். முன்னுண்டது செரித்ததை அறிந்தபின் உண்பவனுக்கு மருந்து வேண்டுவதில்லை என்னும் 942ஆம் குறளே அவர்கள் காட்டும் சான்று. தமிழ் மேடைகளிலும் இக்கூற்றுக்குக் கைதட்டல் கிடைத்துவிடுவதால், குறள் உண்மையில் யாது கூறுகின்றது எனப் பார்ப்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் கடன்.

942 முதல் 947 வரையுள்ள ஆறு பாக்களும் உணவைப் பற்றியவை. மிகையாக உண்பதை அவை கடிகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாழிகையைக் கணக்கிட்டு உண்ணுமாறு அவற்றுள் ஒன்றும் பணிக்கவில்லை. செரிமானமும் பசியுமே ஆங்கு அளவுகோல்கள். அவை ஆளுக்கு ஆள் வேறுபடுவன. 945ஆம் குறளின் 'மறுத்து' என்னும் சொல்தான் பெரிதும் திரிக்கப்படுகின்றது. அது வினையெச்சம், கொண்டு முடியும் வினையோ 'உண்ணின்' என்பது. மனம் அவாவும் அளவை விடுத்து, நோய் வாராத அளவில் உண்பதையே பரிமேலழகர் உரையும் குறிக்கின்றது. மறுக்கப்படுவது மிகையேயன்றி உணவன்று. எச்சத்தைப் பிடித்துக்கொண்டு முற்றுக் கருத்தைக் கைவிடும் பிழையை இலக்கண வகுப்பில் எவரும் பொறுப்பதில்லை. உடல்நலப் பேச்சில் மட்டும் அது புலமையாக மதிக்கப்படுகின்றது!

அதிகாரத்தின் வாயிலிலேயே நிற்கும் 941ஆம் குறளை இவர்கள் தொடுவதேயில்லை. மிகுதி நோய் செய்வது போலவே குறைவும் நோய் செய்யும் என்பது அதன் கருத்து. உணவும் செயலும் ஒருவனது உடலியல்புக்கு ஒத்த அளவினின்று கூடினும் குறையினும் கேடு என உரையாசிரியர் விரிக்கின்றார்.

குறைவு செய்யும் கேட்டிற்கு அமெரிக்க நாட்டின் அண்மை வரலாறு சான்று தரும். 1976இல் ராபர்ட் லின் என்னும் மருத்துவர் எழுதிய 'கடைசி வாய்ப்பு உணவு முறை' என்னும் நூல் அந்நாட்டில் பெரும் வரவேற்புப் பெற்றது. உணவை அறவே விலக்கி, விலங்குகளின் தோல், தசைநார் முதலியவற்றினின்று வடித்த புரத நீரைப் பருகுமாறு அது கூறிற்று. எடை விரைந்து இறங்கியது, மக்கள் மகிழ்ந்தனர். 1977, 1978ஆம் ஆண்டுகளிலோ, இம்முறையைக் கைக்கொண்டோரிடையே ஏறத்தாழ 60 இறப்புகள் பதிவாயின. 17 பேரின் திடீர் இறப்பை ஆராய்ந்து மருத்துவர்கள் 1979இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களது இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்திருந்ததைக் காட்டியது. இதயமும் தசையே. பட்டினியில் உடல் தன் தசையைத் தானே கரைக்கத் தொடங்கினால் இதயம் மட்டும் தப்புவதில்லை.

மலேசியாவில் இப்பேச்சு வெறும் உரைப்பூசலாக நின்றுவிடுவதில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இன்சுலின் ஊசியோ கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ கொள்ளும் ஒருவர், மருத்துவரைக் கேளாது காலையுணவை நிறுத்தினால் நேர்வது யாது? மருந்து தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். குருதியில் சர்க்கரை தாழும். வியர்வையும் நடுக்கமும் தோன்றும். நினைவு தப்புதலும் கூடும். அவருக்கு 942ஆம் குறளை மட்டும் எடுத்துரைத்து அனுப்பியவர், 949ஆம் குறளை மறைத்தவராவார். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து மருத்துவம் செய்க என்று அக்குறள் பேசுகின்றது.

இன்று மெலிவதற்கெனப் புகழப்படும் கீட்டோ உணவு முறையும் பிறப்பால் ஒரு மருத்துவமே. 1921இல் மேயோ மருத்துவமனையின் ரசல் வைல்டர் அதனை வலிப்பு நோயாளருக்காக முன்மொழிந்தார். வலிப்புள்ள குழந்தைகளுக்கு அதனை இன்றளவும் அளிக்கின்றனர். மாவுப்பொருளும் கொழுப்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே நிறுக்கப்படுகின்றன, குருதி அவ்வப்போது சோதிக்கப்படுகின்றது. கடைத்தெருவுக்கு வந்தபோது உணவுப் பட்டியல் மட்டுமே வந்தது. தராசும் சோதனையும் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டன.